வரலாற்றுப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர், பிள்ளைக்கு 14, 15 வயதானதும் "வரலாற்றுக்கு எந்தப் புத்தகம் நல்லது?" என்று தேட ஆரம்பிக்கிறார்கள். முதல் சறுக்கல் அங்கேயே. பிள்ளை எந்தத் தேர்வை எழுதப்போகிறது என்று முடிவாகாமல் புத்தகம் வாங்கிப் பயனில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் வரலாறு சமூக அறிவியலுக்குள் ஒரு பகுதிதான். பன்னிரண்டாம் வகுப்பில் அது தனிப்பாடம். பத்தாம் வகுப்பு நிலையில் எழுதும் கேம்பிரிட்ஜின் பன்னாட்டுத் தேர்வான ஐஜிசிஎஸ்இ என்றால் கதையே வேறு. வெர்சாய் உடன்படிக்கை, ஹிட்லரின் ஜெர்மனி, பனிப்போர் என்று பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு உலக அரசியல். அதில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு அசோகரையும் அக்பரையும் தெரியாமலே போகலாம். தேர்வுப் பாடம் எதை விடுகிறதோ அதை நிரப்புவதுதான் வீட்டின் வேலை.

அப்புறம், ஒரே பாடநூலை நம்பி உட்காருவது. மத்திய அரசின் கல்வி அமைப்பான என்சிஇஆர்டியின் நூல்களில் தென்னிந்தியாவுக்கு இடம் குறைவு. தமிழ்நாட்டுப் பாடநூலில் பாளையக்காரர்களுக்கும் 1806 வேலூர்ப் புரட்சிக்கும் தாராளமான இடம். இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாடநூல்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். 2023இல் வந்த என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்பு நூலில் முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் நீக்கப்பட்டது. பழைய பதிப்பு கையில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எதை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதே பிள்ளைக்கு ஒரு நல்ல பாடம்.

நான் அதிகம் சறுக்கியது பெருமையில். காஞ்சிபுரம் பக்கத்தில் இருக்கும் உத்திரமேரூரின் கல்வெட்டைக் காட்டி, "பார், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் தேர்தல் இருந்தது" என்று மகளிடம் சொன்னேன். "யாரெல்லாம் நிற்கலாம்?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் விதிகளை முழுதாகப் படித்தேன். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்திருக்கிறார்கள். நிற்பவருக்கு வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. வேதப் பயிற்சி. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. ஆனால் இது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. பெண்ணுக்கும் நிலமில்லாத உழவனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. கணக்குக் காட்டாதவனை ஒதுக்கிய விதியை இன்றைக்கும் வியக்கலாம், அதே மூச்சில் யாரை வெளியே நிறுத்தினார்கள் என்றும் கேட்கலாம். நான் படித்த பாடத்தில் முதல் பாதி மட்டும்தான் இருந்தது.

சமநிலை என்றால் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் வைத்து ஆளுக்குப் பாதி கொடுப்பது என்று நினைப்பதும் தவறுதான். 1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அதில் விவாதம் இல்லை. விவாதம் காரணத்தில்: 1942 புயலும் பயிர்நோயுமா, பர்மாவிலிருந்து அரிசி நின்றதா, போர்க்கால விலையேற்றமா, லண்டன் அரசின் அலட்சியமா? அரிசித் தட்டுப்பாட்டைவிட, அதை வாங்கும் சக்தி ஏழைகளிடம் இல்லாமல் போனதே பெரிய காரணம் என்றார் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென். அதை மறுத்தவர்களும் உண்டு. எது நடந்தது, எது வாதம் என்று பிரிக்கத் தெரிந்தால் போதும், வாட்ஸ்அப் வரலாறு வீட்டுக்குள் வராது.

சங்கடமான பக்கங்களைத் தாண்டிப் போவது இன்னொன்று. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை 15 வயதுப் பிள்ளையிடம் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

1947 ஆகஸ்டோடு புத்தகத்தை மூடிவிடுவது கடைசிச் சறுக்கல். 1956 மொழிவாரி மாநிலங்கள், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1975 நெருக்கடி நிலை எல்லாம் அதற்கு அப்புறம்தான் வருகின்றன. இவற்றுக்குச் சாட்சிகள் வீட்டிலேயே இருக்கிறார்கள். தாத்தாவை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், பிறகு அந்தக் காலச் செய்தித்தாளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தாத்தாவுக்கும் அப்போது ஒரு கட்சி இருந்திருக்கும்.