பழைய ஆர்கேட் மானிட்டர்: முதல் தடவை திறப்பவர்கள் செய்யும் தவறுகள்

பழைய ஆர்கேட் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி) மானிட்டர் ஒன்றைச் சரி செய்யப் போகிறேன் என்று விஷயம் தெரிந்த யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "அனோடுல இருபதாயிரம் வோல்ட் இருக்கும், ஜாக்கிரதை" என்பதுதான் முதலில் வரும் பதில். பொய் இல்லை. 19 அங்குலக் கலர் பிக்சர் டியூப் ஓடும்போது, அதன் கண்ணாடியில் ரப்பர் மூடிக்கு அடியில் இருக்கும் அனோடு என்ற இணைப்பில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே தங்கியிருக்கலாம். பிரச்சினை என்னவென்றால், பயம் முழுவதும் அந்த ரப்பர் மூடியின் மேலேயே இருப்பதால், அதை டிஸ்சார்ஜ் செய்து முடித்ததும் 'அப்பாடா' என்று கையை வேறு எங்கோ கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். டியூபின் கண்ணாடியே ஒரு கண்டன்சர், அதாவது சார்ஜைத் தேக்கி வைக்கும் பாகம். உள்பூச்சு ஒரு தகடு, வெளியே பூசியிருக்கும் கறுப்புக் கிராஃபைட் இன்னொரு தகடு. அதன் அளவு 1,500 பைக்கோஃபாரட், வோல்டேஜ் 22,000 என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் ஆற்றல் அரை ஜூலுக்கும் குறைவு. அதே மானிட்டரின் பவர் சப்ளையில் 150 வோல்ட்டில் நிற்கும் 470 மைக்ரோஃபாரட் ஃபில்டர் கண்டன்சரில் 5 ஜூலுக்கு மேல் இருக்கிறது. 230 வோல்ட்டை நேராக வாங்கும் எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) வகையில் 320 வோல்ட்டில் 220 மைக்ரோஃபாரட் இருந்தால் 11 ஜூல். அதற்காக அனோடைத் தொட்டுப் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. சத்தம் போடாத ஆள்தான் அதிகம் வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நன்றாக ஓடும் மானிட்டரை அணைத்தால், அதன் சர்க்யூட்டே ஃபில்டர் கண்டன்சரைச் சில நொடிகளில் காலி செய்துவிடும். நீங்கள் திறக்கப்போவது ஓடாத மானிட்டர். கண்டன்சருக்குப் பிறகு ஃபியூஸ் போயிருந்தாலோ, எஸ்.எம்.பி.எஸ். ஸ்டார்ட் ஆகாமல் நின்றிருந்தாலோ, சார்ஜை இழுக்க எதுவுமே இல்லை. அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். ஆகவே போர்டைக் கையில் எடுப்பதற்கு முன், மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து அந்தப் பெரிய கண்டன்சரின் இரண்டு கால்களுக்கும் இடையே பாருங்கள். வோல்டேஜ் இருந்தால் 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள வயர்களில் கட்டி, கால்களில் சில நொடிகள் பிடியுங்கள். பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். ஸ்க்ரூடிரைவரை நேராக வைத்து 'பட்' என்று ஷார்ட் செய்யும் பழக்கம் பல பேருக்கு இருக்கிறது. காலும் கருகும், சில சமயம் டிராக்கும் எரியும்.

சரி, அனோடுக்கு வருவோம். மெயின் பிளக்கை சுவரிலிருந்து கழற்றியாயிற்றா என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நீளமான, நல்ல பிளாஸ்டிக் பிடி உள்ள தட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்று, இரண்டு முனையிலும் கிளிப் உள்ள வயர் ஒன்று. ஒரு கிளிப்பை ஸ்க்ரூடிரைவரின் உலோகத் தண்டில் மாட்டுங்கள். மற்றதை எங்கே மாட்டுவது என்பதில்தான் ஆட்கள் தவறு செய்கிறார்கள்.

டியூபின் முதுகில், கறுப்புப் பூச்சின் மேல் அழுத்திக்கொண்டு குறுக்கே ஒரு வெறும் பின்னல் வயர் போகும். கிளிப் அதில்தான் மாட்ட வேண்டும், ஏனென்றால் கண்டன்சரின் அடுத்த தகடு அதுதான். பிரேமில் மாட்டினால் பெயிண்ட் குறுக்கே நிற்கலாம். சர்க்யூட் போர்டின் கிரவுண்டில் மாட்டினால், அத்தனை ஆயிரம் வோல்ட் போர்டு வழியாகச் சுற்றிவந்து நல்ல ஐ.சி.யையும் சேர்த்து முடித்துவிடலாம். மாட்டிய பிறகு, ஸ்க்ரூடிரைவர் முனைக்கும் பின்னல் வயருக்கும் இடையே மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். விலை மலிவான கிளிப் வயர்களில் உள்ளே கம்பி அறுந்து, மேலே ரப்பர் மட்டும் அழகாக இருப்பது சாதாரணம். இந்த மீட்டரை அனோடில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அது தாங்குவது 600 அல்லது 1,000 வோல்ட்.

இப்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மற்ற கையால் ஸ்க்ரூடிரைவரை ரப்பர் மூடியின் அடியில் மெதுவாக நுழையுங்கள். நடுவில் உள்ள உலோகக் கொக்கியைத் தொட வேண்டும். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். சில ஃப்ளைபேக்குகளுக்குள் (அனோடுக்கு உயர் வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) இருக்கும் ரெசிஸ்டர் ஏற்கெனவே காலி செய்திருக்கும். சத்தம் வராததை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்; முனை உலோகத்தைத் தொட்டதா என்பதுதான் கேள்வி. சில நொடிகள் அப்படியே பிடித்து, வெளியே எடுத்து, ஐந்து பத்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை. கண்ணாடிக்குள் ஒட்டிக்கொண்ட சார்ஜ் மெல்லத் திரும்பி வரும், அதனால்தான் இரண்டாவது முறை. மூடியைக் கழற்றிய பிறகும், வேலை முடியும் வரை அனோடு ஓட்டைக்கும் பின்னல் வயருக்கும் இடையே ஒரு கிளிப் வயரைப் போட்டுவைப்பது நல்லது.

மிச்சச் சார்ஜில் ஷாக் அடித்தால் பெரும்பாலும் ஷாக்கைவிட அதன் பின் வரும் உதறல்தான் ஆபத்து. கை தானாகப் பின்னால் பறக்கும். பின்னால் இருப்பது டியூபின் கழுத்து. சுலபமாக உடையும் ஒல்லியான கண்ணாடிக் குழாய் அது. கழுத்தின் முனையில் சொருகியிருக்கும் நெக் போர்டை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாலும் அதே கதிதான். நேராகப் பின்பக்கம் இழுக்க வேண்டும். வராவிட்டால் சாக்கெட்டின் ஓரங்களில் மாற்றி மாற்றிச் சிறிது நெம்பலாம், பக்கவாட்டில் மட்டும் வளைக்கக் கூடாது. கழுத்தில் விரிசல் விட்டால் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும். கழுத்தின் உள்ளே கண்ணாடிபோல மின்னும் வெள்ளித் திட்டு கொஞ்ச நேரத்தில் பால் வெள்ளையாக மாறிவிடும். அப்புறம் அந்த டியூபுக்கு வைத்தியம் இல்லை. ஆர்கேட் டியூபுகள் இன்று யாரும் புதிதாகச் செய்வதில்லை.

அடுத்தது, 110 வோல்ட் விவகாரம். நம்மிடம் வந்து சேரும் அமெரிக்க மானிட்டர்களில் எலக்ட்ரோஹோம் ஜி-07, வெல்ஸ் கார்ட்னர் கே7000 போன்றவை கேபினெட்டில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயின் லைனோடு நேர்த் தொடர்பில்லாமல் பவர் தருவது) இருக்கும் என்று நம்பியே செய்யப்பட்டவை. மானிட்டரை மேசைக்குக் கழற்றிக் கொண்டுவந்தால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் கேபினெட்டிலேயே தங்கிவிடும். உடனே கடைக்குப் போய் 230–110 ஸ்டெப்டவுன் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். அவற்றில் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அதாவது உள்ளே ஒரே சுருள்தான். வோல்டேஜ் குறையும், ஐசோலேஷன் கிடைக்காது. மானிட்டரின் கிரவுண்ட், மெயின் லைனோடு சேர்ந்தே நிற்கும். கேம் போர்டின் வீடியோ வயரைச் சொருகியதும், அந்தப் பக்கம் எர்த் இருக்கிறதென்றால் புகை நிச்சயம். சோதிப்பது சுலபம்: பிளக்கைக் கழற்றிவிட்டு, கன்வெர்ட்டரின் இன்புட் பின்னுக்கும் அவுட்புட் பின்னுக்கும் இடையே ஓம் பாருங்கள். ஏதாவது காட்டினால் அது ஐசோலேஷன் இல்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ரிப்பேரில் நடக்கும் தவறுகளைச் சொல்லத் தொடங்கினால் முடிவே இல்லை. மிகவும் பொதுவானது, மானிட்டர் ஓடவில்லை என்றதும் கண்டன்சர் கிட் வாங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவது. ஃபியூஸ் போயிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்ஸிஸ்டர் (படத்தின் கிடைமட்ட ஓட்டத்தையும் ஃப்ளைபேக்கையும் இயக்குவது). கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஷார்ட்டா என்று மீட்டர் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடும். அது ஷார்ட்டாக இருந்தால், ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் போட்டால் அதுவும் போகும். ஃப்ளைபேக்கின் கால்களையும் யோக் (டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் சுருள்) கனெக்டரின் கால்களையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஈயத்தைச் சுற்றி மயிரிழை வளையம் தெரிந்தால் அது டிரை சால்டர், அதாவது ஈயம் காலைச் சரியாகப் பிடிக்காத இணைப்பு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். கண்டன்சர் மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள், முன்னதாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு. போலாரிட்டி (பிளஸ், மைனஸ் பக்கம்) இல்லாத கண்டன்சர் ஒன்றிரண்டு நடுவில் ஒளிந்திருக்கும். அங்கே சாதாரணமானதைப் போட்டால் வெடிக்கலாம்.

முதல் முறை பவர் கொடுக்கும்போது லைனில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வையுங்கள், எல்.இ.டி. உதவாது. டிகாஸ் காயிலின் (டியூபில் ஏறிய காந்தத்தை நீக்கும் சுருள்) பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது இழுக்கும் கரண்டில் பல்பு எரிந்து உங்களைக் குழப்பும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அணைத்துவிடுங்கள். பவர் கொடுக்கும் முன் யோக் வயர், நெக் போர்டின் கிரவுண்ட் வயர், பின்னல் வயர் மூன்றும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஒரு நிமிஷ வேலை.

படம் வந்துவிட்டது, பக்கவாட்டில் கொஞ்சம் குறுகியிருக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் பி பிளஸ் (பவர் சப்ளை தரும் முக்கிய டி.சி. வோல்டேஜ்) பிரிசெட்டைத் திருகிப் படத்தை அகலமாக்குகிறார்கள். ஜி-07இல் அது 120 வோல்ட்டில் நிற்க வேண்டியது. அதை ஏற்றினால் அனோடு வோல்டேஜும் சேர்ந்து ஏறும், எக்ஸ்-ரேயும் கூடும், கொஞ்ச நாளில் ஃப்ளைபேக்கும் போகும். அகலத்துக்கென்றே அறுகோண ஓட்டையுள்ள ஃபெரைட் திருகோடு தனியாக ஒரு காயில் இருக்கிறது. அதைப் பிளாஸ்டிக் கருவியால்தான் திருப்ப வேண்டும். இரும்பு ஆலன் கீ போட்டு அழுத்தினால் ஃபெரைட் இரண்டாகப் பிளந்து காயிலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.