மாற்று ஏற்பாடு கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி

மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் என்றதும் நிறையப் பேருக்கு இட ஒதுக்கீடும் உதவித்தொகையும்தான் ஞாபகத்துக்கு வரும். தினமும் வேலைக்கோ வகுப்புக்கோ போய்வருகிற ஒருவருக்கு அதைவிட அதிகம் கைகொடுக்கும் உரிமை ஒன்று அதே சட்டங்களில் இருக்கிறது: நியாயமான மாற்று ஏற்பாடு கேட்கும் உரிமை, அதாவது மற்றவர்களைப் போலவே வேலை செய்யவோ படிக்கவோ உங்களுக்குத் தேவையான மாற்றத்தைச் செய்து தரச் சொல்லும் உரிமை. 2006 டிசம்பரில் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, இந்த ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடுதான் என்று சொல்லிவிட்டது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் பாகுபாட்டுக்குத் தரும் விளக்கத்திலேயே அதைச் சேர்த்திருக்கிறது. அமெரிக்காவில் 1990இலும் பிரிட்டனில் 1995இலும் இதற்கான சட்டங்கள் வந்துவிட்டன. அதனால் "தொந்தரவு கொடுக்கிறோமோ" என்று கூனிக் குறுக வேண்டியதே இல்லை, உங்களுக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்கிறீர்கள்.

சரி, எப்படிக் கேட்பது?

எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு வாரம் உங்கள் வேலையைக் கவனியுங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதனால் தடைபடுகிறது? காது சரியாகக் கேட்காத ஒருவரை எடுத்துக்கொள்வோம். நேருக்கு நேர் பேசினால் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். மீட்டிங்கில் பேசுகிறவர் பலகையில் எழுதிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி பேசும்போது அத்தனையும் போய்விடுகிறது. அந்த நேரத்தில்தான் அவருக்கு ஒரு வேலை ஒதுக்கப்படுகிறது, அவருக்குத் தெரிவதே இல்லை, மறுநாள் "சொன்னேனே, ஏன் செய்யவில்லை" என்று கேள்வி மட்டும் வருகிறது. இவர் "எனக்குக் காது கேட்காது" என்று மட்டும் எழுதினால் அனுதாபம் கிடைக்கும், மாற்றம் கிடைக்காது. மீட்டிங்கில் சொல்வது எதுவும் எழுத்தில் வருவதில்லை என்பதுதான் தடை. அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் என்ன கேட்பது என்பதும் தெளிவாகிவிடும்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இவ்வளவு போதும்:

"எனக்குச் செவித்திறன் குறைபாடு உள்ளது. வாராந்திர மீட்டிங்கில் பேசுபவரின் முகம் தெரியாதபோது என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை. இதனால் சென்ற மாதம் இரண்டு முறை எனக்கு ஒதுக்கிய பணிகள் விடுபட்டன. மீட்டிங்கின்போது பேச்சு திரையில் எழுத்தாக வரும் வசதியை இயக்கவும், எடுத்த முடிவுகளை அன்றே மெயிலில் அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி நியாயமான மாற்று ஏற்பாடாக இதைக் கோருகிறேன். இம்மாதம் 20ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் தரவும்."

கடைசி இரண்டு வரிகளை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். சட்டத்தின் பெயர் வந்துவிட்டால் அதைத் தனிப்பட்ட வேண்டுகோள் என்று ஓரம் கட்ட முடியாது, தேதி வந்துவிட்டால் "பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பதும் கஷ்டம். ஏற்கெனவே வாயால் கேட்டுவிட்டீர்களா? பரவாயில்லை, அன்று மாலையே "இன்று காலை நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

மருத்துவச் சான்று கேட்டால் கொடுங்கள், ஆனால் குறைபாட்டையும் அதனால் ஏற்படும் சிரமத்தையும் காட்டுகிற அளவுக்கு மட்டும். முழு மருத்துவ வரலாற்றையும் மேலதிகாரியின் மேசையில் வைக்க வேண்டியதில்லை.

அவர்கள் வேறொரு வழியைச் சொன்னால் உடனே முறுக்கிக்கொள்ளாமல் இரண்டு வாரம் முயன்று பாருங்கள். கேட்ட அதே ஏற்பாடுதான் கிடைக்க வேண்டும் என்று எல்லாச் சட்டங்களும் சொல்வதில்லை. தடை நீங்குகிறதா என்பதுதான் கேள்வி. நீங்கவில்லை என்றால் எந்த நாளில், எந்த மீட்டிங்கில் என்ன விடுபட்டது என்று குறித்து வைத்துத் திரும்ப எழுதுங்கள்.

"செலவு அதிகம், எங்களால் முடியாது" என்பார்கள். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது, அளவுக்கு மீறிய சுமை என்றால் மறுக்கலாம். ஆனால் அது சுமைதான் என்று காட்ட வேண்டியவர்கள் அவர்களே என்று ஐ.நா. உடன்படிக்கைக்கான குழு 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே என்ன செலவு, எப்படிக் கணக்கிட்டீர்கள், வேறு என்ன வழிகளைப் பார்த்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் வருகிற எழுத்து வசதிக்குச் செலவு என்று எதைக் காட்டுவார்கள்?

இதை எழுதும்போது நடைபாதை ஓரங்களில் இருக்கும் சின்னச் சரிவுகள் நினைவுக்கு வருகின்றன. சக்கர நாற்காலிக்காகப் போராடிப் பெற்றவை அவை. குழந்தை வண்டி தள்ளுகிற அம்மாவும் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற பயணியும் இன்று அதில்தான் ஏறுகிறார்கள். 1990 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் பலர் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, கையை ஊன்றித் தவழ்ந்தே ஏறினார்கள். அவர்கள் கேட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்தானது. நீங்கள் கேட்டு வாங்கும் மீட்டிங் குறிப்பும் அன்று லீவு போட்டவர், புதிதாகச் சேர்ந்தவர் என்று எல்லோருக்கும் பயன்படப்போகிறது.

பதிலே வராவிட்டால் அல்லது மறுத்துவிட்டால் மேலே போகத்தான் வேண்டும். இந்தியாவில் ஒவ்வொரு அரசு நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும், அவர் புகாரைப் பதிவு செய்து இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். மாநில ஆணையரும் தேசிய அளவில் தலைமை ஆணையரும் இருக்கிறார்கள். தனியார் நிறுவனம் என்றால் அவர்களுடைய சம வாய்ப்புக் கொள்கையின் நகலைக் கேளுங்கள், அதை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம்.

வெளியே புகார் கொடுப்பதற்குப் பல நாடுகளில் காலக்கெடு உண்டு. அமெரிக்காவில் வேலை சம்பந்தமான புகாருக்குப் பொதுவாக 180 நாள், சில இடங்களில் 300 நாள். உள்ளே விசாரணை நடக்கிறது என்பதற்காக அந்த நாட்கள் நின்று காத்திருக்காது. எனவே உங்கள் ஊரின் கெடுவை முதல் கடிதம் அனுப்பும் நாளிலேயே விசாரித்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

யாராவது அன்பாகப் பேசி, "உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம், நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று ராஜினாமா கேட்டால் அந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வக்கீலிடமோ மாற்றுத்திறனாளிகள் சங்கத்திடமோ பேசிவிட்டு முடிவெடுங்கள். அனுப்பிய கடிதம், வந்த பதில், தேதிக் குறிப்பு எல்லாவற்றின் நகலையும் சொந்த மெயிலில் வைத்திருங்கள். வேலை போகிற அன்று ஆபீஸ் மெயில் திறக்காது.