காசிமேட்டு பேரமும் மூளையின் மதிப்புக் கணக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு விடியலில் சென்னைக் காசிமேட்டு மீன் சந்தையில் வஞ்சிரத்தையும் சங்கராவையும் மாறி மாறிப் பார்த்து நிற்பவரின் மூளை எதை, எப்படி எடைபோடுகிறது? இதைப் பற்றிப் பேசும்போது நாம் எளிதில் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

மூளையில் செய்தி கடத்தும் ரசாயனமான டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்பது அவற்றில் மிகப் பழையது. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது வேறு. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் சுரக்கும் நியூரான்கள் (நரம்பணுக்கள்) வேகமாகத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின் துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வந்தபோது சலனமில்லை. வரவேண்டிய சாறு வராதபோது வழக்கமான துடிப்பும் அடங்கியது. நினைத்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசமே அங்கே பதிவாகிறது. மீன்கார அம்மா கூறுக்கு மேல் இரண்டு மீன் போட்டால் முதல் வாரம் பூரிப்பு. அதுவே வழக்கமானபின் ஒரு வாரம் போடாவிட்டால் முகம் சுருங்குகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் மூளை நிரந்தர விலைச்சீட்டு ஒட்டி வைத்திருப்பதாக நினைப்பதுதான் என் கணக்கில் பெரிய தவறு. கமிலோ படோவா ஸ்கியோப்பாவும் ஜான் அசாதும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் குரங்குகள் இரு சாறுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தன. கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியின் சில நியூரான்கள், அந்தக் குரங்குக்கு அந்தச் சாறு எவ்வளவு உயர்ந்தது என்பதையே காட்டின. அத்தோடு விட்டால் விலைச்சீட்டுக் கதை சரியென்று தோன்றும். ஆனால் அன்றைக்கு முன்னால் வைக்கப்படும் மதிப்புகளின் வீச்சு விரிந்தால், இந்த நியூரான்களும் தம் அளவுகோலை நீட்டிக்கொள்கின்றன. முன்பு பளிச்சென்று பதிவான அதே வித்தியாசம் இப்போது மங்கலாகப் பதிவாகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வஞ்சிரத்துக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நெத்திலிக்குப் பத்து ரூபாய் பேரம் பேசுபவரைக் கஞ்சர் என்பது அநியாயம்; பெரிய விலைக்கு முன் நூறு மங்கலாகவும், சிறிய விலைக்கு முன் பத்து பளிச்சென்றும் அவருக்குத் தோன்றலாம். அதற்காக, குரங்கின் நியூரான்தான் அவரைப் பேரம் பேச வைத்தது என்று தாவுவதும் தவறே. சாற்றுக் குழாய்க்கும் மீன்கூடைக்கும் நடுவே நினைவு, பழக்கம், வீட்டுச் செலவு எல்லாம் இருக்கின்றன.

மூளை ஸ்கேன் படத்தில் ஓர் இடம் ஒளிர்ந்தால் 'பிடித்துவிட்டது' என்று தீர்ப்பு எழுதுவதும் இதே அவசரந்தான். அந்த ஒளி, ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைக் கணக்கிட்டுத் தீட்டிய வண்ணம். ஒரே பகுதி பல வேலைகளில் பங்கெடுக்கும்.

"உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு முடிவெடு" என்ற அறிவுரையையும் யோசித்தே சொல்ல வேண்டும். நரம்பியல் ஆய்வாளர் அந்தோனியோ டமாசியோ குழுவினர் 1994-இல் வெளியிட்ட சீட்டாட்டச் சோதனையில், உணர்ச்சியை முடிவுகளோடு இணைப்பதாகக் கருதப்படும் முன்மூளையின் நடு அடிப்பகுதி சேதமடைந்தவர்கள் அறிவில் குறையில்லாதவர்கள்; ஆனாலும் பெரிய பரிசும் அதைவிடப் பெரிய நஷ்டமும் தரும் கட்டுகளிலிருந்தே சீட்டு எடுத்தார்கள். பிந்தைய சோதனையில் சிலர், எந்தக் கட்டு மோசமானது என்று வாயால் சொன்னபிறகும் அதிலிருந்தே எடுத்தார்கள்.