சேனை வேண்டாம், ஈரத்துணியை எண்ணுங்கள்

எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் குழந்தை பிறந்ததும் சேனை வைப்பது, அதாவது தாய்ப்பாலுக்கு முன்னாலேயே நாக்கில் இனிப்பைத் தொட்டு வைப்பது, யார் என்று ஒரு சின்னப் போட்டியே நடக்கும். அம்மிச்சியா (அம்மாவைப் பெற்ற பாட்டி), அத்தையா என்று முடிவாவதற்குள் பிள்ளை வீறிடும். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவுமே வேண்டாங்க. தேன் 1 வயது முடியும்வரை கூடவே கூடாது. பிறந்த 1 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். மஞ்சளாகக் கொஞ்சந்தான் வரும்; அந்தக் குட்டி வயிற்றுக்கு அது போதும்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "பால் பத்தலையாட்ட இருக்குது" என்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, நனைந்த துணிகளை எண்ணுங்கள். முதல் நாள் 1, மறுநாள் 2 என்று கூடிக்கொண்டே போய், 5 நாளுக்குப் பிறகு தினம் 6 துணியாவது நனைந்தால் பால் போதுகிறது. டயப்பரில் இந்தக் கணக்குப் பிடிபடாது. அப்பிச்சியின் (தாத்தாவின்) பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, இப்போதே கிழித்து வைத்துவிடுங்கள்.

தொப்புளில் எண்ணெய், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு தூங்கினாலோ, உள்ளங்கால்வரை மஞ்சளித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், 9ஆம் மாதமே ஆஸ்பத்திரிப் பையில் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் தரும் எண்) எழுதிய அட்டையை வையுங்கள். பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். வயிற்றில் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் நடுராத்திரி ஆனாலும் கிளம்பிவிடுங்கள். வண்டி இல்லையென்றால் 108.