செஸ் எஞ்சினுக்குக் குணம் கொடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

செஸ் ஆடும் கணினி நிரல்தான் எஞ்சின். அதை மனிதர் மாதிரி ஆட வைக்க வேண்டும் என்றதும் பலரும் முதலில் கைவைப்பது அதன் பலத்தில். ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபல எஞ்சினில் 0 முதல் 20 வரை ஸ்கில் லெவல் (பலத்தின் அளவு) உண்டு. அதை இறக்கினால், சிறந்த நகர்த்தலை விட்டுவிட்டு அவ்வப்போது மட்டமான ஒன்றை வேண்டுமென்றே எடுக்கும். பதினைந்து நகர்த்தல் கிராண்ட்மாஸ்டர் கணக்காக ஆடிவிட்டு, பதினாறாவதில் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கும். மனிதர் அப்படித் தவறு செய்வதில்லை. தன் தாக்குதலிலேயே கண்ணாக இருந்து எதிராளியின் மிரட்டலைக் கவனிக்காமல் விடுவார். குதிரை பின்னால் போகும் நகர்த்தல் கண்ணில் படாது. தூரத்து மூலையில் நிற்கும் பிஷப் மறந்துபோகும். அவர் தவறுக்குக் காரணம் சொல்லலாம், எஞ்சினின் தவறு வெறும் பகடை.

அடுத்தது, குணத்தை ஒரே ஒரு குமிழில் அடைக்கப் பார்ப்பது. காய்களின் மதிப்பையும் தாக்குதல், தற்காப்பு விகிதத்தையும் மாற்றிப் புதுப்புது ஆட்டக்காரர்களை உருவாக்கும் வசதி செஸ்மாஸ்டர் என்ற பழைய செஸ் மென்பொருளிலேயே இருந்தது. குதிரையின் மதிப்பைக் குறைத்தால், காய்களைத் தியாகம் செய்து தாக்கும் மிகைல் தால் வந்துவிடுவார் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். எஞ்சின் குதிரையை மலிவாக விற்கும், அவ்வளவே. தால் காயைக் கொடுத்தது எதிராளியின் ராஜாவைத் திறந்துவிட, அவரைத் திணற வைக்க.

இன்னொரு பக்கம் டிக்ரான் பெட்ரோசியனைப் பாருங்கள். தற்காப்புக்குப் பெயர் போனவர். 1953 சூரிச் கேண்டிடேட்ஸ் (உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்று) போட்டியில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராக, 25-ஆவது நகர்த்தலில் யானையை இ6 கட்டத்தில் வைத்து, 'வெட்டுவதானால் பிஷப்பால் வெட்டிக்கொள்' என்று விட்டார். நோக்கம் தாக்குதலே இல்லை. எதிராளியின் மையச் சிப்பாய்களை மறித்து, தன் குதிரைக்கு டி5-இல் அசைக்க முடியாத இடம் பிடிப்பது. ஆட்டம் டிராவானது. 'தியாகம் என்றால் ஆக்ரோஷம்' என்று எழுதிய நிரல் இந்த மனிதரை எந்தப் பெட்டியில் போடும்?

பழைய கட்டுரைகளைப் பார்த்து ஸ்டாக்ஃபிஷில் காய் மதிப்பைத் திருத்தப் போகிறவர்கள் ஒன்று கவனிக்கவும்: நிலையை எடை போட மனிதர் கையால் எழுதிவைத்த மதிப்பீடு 2024-இல் வந்த 16.1 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது எடை போடுவது தரவிலிருந்து தானே கற்ற நியூரல் நெட்வொர்க்.

சரி, மனித ஆட்டங்களிலிருந்தே கற்றுக்கொள்ளும் மையா என்ற எஞ்சின் இருக்கிறதே என்பீர்கள். 2020-இல் வந்தது, லிசெஸ் இணையதளத்தில் நடந்த ஆட்டங்களை வைத்து 1100 முதல் 1900 ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) வரை தனித்தனி மாடல்கள். நல்ல வழிதான். ஆனால் அது தருவது அந்த மட்டத்து ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஆடும் நகர்த்தலை, ஒரு தனி ஆளின் குணத்தை அல்ல. கூட்டத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது ஆளுக்கு ஆள் மாறும் சறுக்கல்கள் அடிபட்டுப்போவதால், அந்த ரேட்டிங்கைவிடச் சற்றுப் பலமாகவே ஆடும்.

ஓப்பனிங் புத்தகத்தை (ஆரம்ப நகர்த்தல்களின் தொகுப்பை) மட்டும் மாற்றிவிட்டுப் பெயர் சூட்டுவது சோம்பேறித்தனம். புத்தகம் முடிந்ததும் பழைய எஞ்சின்தான்.

அப்புறம், சோதிக்கும் விதம். அந்த ஆட்டக்காரரின் ஆட்டங்களோடு எத்தனை நகர்த்தல் ஒத்துப்போகிறது என்று மொத்தமாக எண்ணாதீர்கள். வெட்டியதைத் திருப்பி வெட்டும் இடத்தில் யாரும் அதையேதான் ஆடுவார்கள். அவை எண்ணிக்கையை வீணாக ஏற்றிவிடும். மூன்று நான்கு நகர்த்தல்கள் ஏறக்குறைய சமமாக இருக்கும் நிலைகளை மட்டும் பிரித்தெடுத்து, பயிற்சியில் காட்டாத ஆட்டங்களில் ஒப்பிடுங்கள்.