வீட்டை விற்று வான் வண்டியில் குடியேற முன்: யாழ்ப்பாணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, நாற்சார் வீடொன்றில் இரண்டு பேர் மட்டும் கூட்டித் துடைத்தபடி இருப்பதை யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் காணலாம். பிள்ளைகளிடம் போய் மோட்டர்ஹோம் எனும் வீட்டு வண்டியில் சுற்றிவிட்டு வந்தவர்களில் சிலர், "இந்த வீட்டை வித்துப்போட்டு ஒரு ஹையேஸ் வானைக் குடியிருக்கிற மாதிரி மாத்தினால் என்ன?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல ஆசைதான். வயதான காலத்தில் ஒட்டறை அடிப்பதிலேயே நாளைக் கழிப்பதைவிட மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு என்று போய் வருவது மேல் என்று நானும் நினைக்கிறேன். அந்த ஆசை அரைவழியில் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வளவு முழுவதையும் கைவிடுவது. கனடாவில் இந்த வண்டிகளுக்கென்றே தரிப்பிடங்கள் உண்டு. மின்சாரம், தண்ணீர்க் குழாய், கழிவு ஊற்றும் குழி மூன்றும் ஓரிடத்தில் கிடைக்கும். இங்கே அப்படியொரு வழக்கம் இல்லை. ஆகவே அந்த மூன்றையும் தருகிற இடம் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். பத்துப் பரப்புக் காணியில் எட்டை விற்கலாம். கிணறும் மலசலகூடமும் மின் இணைப்பும் உள்ள இரண்டு பரப்பை வைத்துக்கொள்ளுங்கள். வான் உள்ளே வந்து திரும்ப இடமும் அதற்கேற்ற அகலத்தில் படலையும் வேண்டும். கிணறு விற்ற பக்கத்துக்குள் போய்விட்டால், கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் உங்களுக்கு உண்டென்று உறுதியிலேயே எழுதுவியுங்கள். வாங்குபவர் எவ்வளவு நல்லவரானாலும், அவருக்குப் பிறகு வருபவருக்கு வாய்ப்பேச்சு செல்லாது.

உறுதி விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். "எப்படியும் மகளுக்குத்தானே" என்று முழுக் காணியையும் நன்கொடை உறுதியாக எழுதிவிட்டு வானில் ஏறுபவர்கள் உண்டு. சாகும்வரை ஆண்டு அனுபவிக்கும் சீவிய உரித்தை உங்களுக்கு வைத்துக்கொள்ளாமல் எழுதினால், அடுத்த மாரிக்குத் திரும்பி வரும்போது சட்டப்படி நீங்கள் விருந்தாளி. மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியைப் பெரும் நன்றிகேட்டைக் காரணங்காட்டி இரத்துச் செய்ய வேண்டுமென்றால், 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் ஏற வேண்டும். பெற்ற பிள்ளைக்கு எதிராக அந்தப் படியை மிதிக்க யாருக்கு மனம் வரும்?

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு வேறு இரண்டு முடிச்சுகளும் உண்டு. 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, சீதனக் காணி மனைவியின் பெயரில் இருந்தாலும் அதைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்த விதி எனக்கு உடன்பாடானதல்ல. ஆனாலும் நொத்தாரிசு அதைக் கேட்பார். பிரிபடாத கூட்டுக் காணி என்றால் பங்காளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் சட்டம் சொல்லும் முறையில் அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால் பிறகு வழக்கு வரலாம். விற்காமல் பூட்டிவிட்டுப் போவதும் பாதுகாப்பல்ல. உங்கள் அனுமதியின்றி ஒருவர் 10 வருடம் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தால் ஆட்சியுரிமை கோரலாம். யாரையாவது இருத்தினால் எழுத்தில் இருத்துங்கள்.

அடுத்தது வானுக்குள் செய்யும் தவறுகள். குளிர் நாட்டுப் படங்களைப் பார்த்து உள்ளலங்காரம் செய்வதுதான் இதில் முதலாவது. நமக்கு எதிரி சித்திரை வெய்யில். இரும்புக் கூரை பகல் முழுக்கச் சூடேறி இரவிலும் அதை உள்ளே விடும். அலுமாரிக்குச் செலவழிக்கும் காசைக் கூரையின் வெப்பத் தடுப்புக்கும், சூட்டை வெளியே இழுக்கும் கூரை விசிறிக்கும், நுளம்புவலை போட்ட யன்னல்களுக்கும் முதலில் கொடுங்கள். ஏசி போடலாம் என்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 12 வோல்ற், 100 அம்பியர்-மணி பற்றரியில் உள்ளது ஏறக்குறைய 1200 வாற்-மணி. சாதாரண ஈய பற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். 1000 வாற் ஏசி அந்தப் பாதியை அரை மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும்போதே முடித்துவிடும். 40 வாற் விசிறி இரவு முழுதும் ஓடும். சூரிய மின்தகட்டைக் கூரையிலேயே இறுக்கிவிடுவதும் இங்கே யோசிக்க வேண்டியது. வேப்பமர நிழலில் நிறுத்தினால் தகடு சரியாக வேலை செய்யாது. தகட்டுக்காக வெய்யிலில் நிறுத்தினால் உள்ளே இருக்க முடியாது. நீண்ட வயரோடு, எடுத்து வெளியே வைக்கக்கூடிய தகடு நல்லது.

மலசலகூடத்தைப் பற்றிப் பலர் கூச்சத்தில் கதைப்பதில்லை. கதைத்தே ஆகவேண்டும். கழற்றி எடுக்கும் தொட்டி ஏறக்குறைய 20 லீற்றர் கொள்ளும். இருவருக்கு இரண்டு மூன்று நாளில் நிரம்பும். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது, பெரும்பாலானோர் குடிப்பது நிலத்தடி நீரை. யாழ்ப்பாண நகரத்திலும் வீட்டுக் கழிவுநீரைக் கொண்டுபோகும் நிலக்கீழ்க் குழாய் வலையமைப்பு இல்லை. கல்லின் வெடிப்புகளால் இறங்கும் அழுக்கு வடிபடாமலே அயல் கிணற்றுக்குப் போகும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் வந்த செய்தி. இந்த மண்ணில் பற்றைக்குள்ளோ பனங்காணிக்குள்ளோ தொட்டியைக் கவிழ்ப்பது அயலவனின் குடிநீரில் கலப்பதற்குச் சமம். தயவுசெய்து செய்யாதீர்கள். போமல்டிகைட் கலந்த மருந்துத் திரவமும் வேண்டாம். அது மலக்குழியில் கழிவை உக்கச் செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். திரவம் வேறாகப் பிரிந்து, திண்மம் தேங்காய்த் தும்புச்சோற்றில் விழும் வகை மலசலகூடம் நமக்கு ஏற்றது. தும்புச்சோறு ஊரிலேயே கிடைக்கும்.

தண்ணீருக்கு நிறை உண்டு என்பதும் மறந்துபோகும். 100 லீற்றர் 100 கிலோ. அதோடு பற்றரி, பலகை, காஸ், உங்கள் சாமான் எல்லாவற்றையும் கூட்டி, வானின் அனுமதித்த நிறைக்குள் நிற்கிறதா பாருங்கள். தீவுப் பக்கம் போனால் பல கிணறுகள் உவர். நல்ல தண்ணீரை இங்கேயே நிரப்பிக்கொண்டு போங்கள். திரும்பியதும் வானின் அடிப்பக்கத்தில் படிந்த உப்பைக் கழுவுங்கள்.

காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குத் தரைமட்டத்தில் வெளியே திறக்கும் துவாரம் கட்டாயம்.

வானின் உடலையோ இருக்கைகளையோ மாற்ற முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி கேளுங்கள், காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவியுங்கள். பதிவுப் புத்தகத்தில் ஒன்றும் வண்டியில் வேறொன்றும் இருந்தால் விபத்து நட்டஈடு சிக்கலாகும். வாக்காளர் இடாப்பு, ஆள் அடையாள அட்டை, பென்சன்காரர் வருடாவருடம் கொடுக்கும் உயிர்வாழ் சான்று எல்லாவற்றுக்கும் ஒரு விதானையார் பிரிவு வேண்டும். வைத்துக்கொண்ட அந்த இரண்டு பரப்பு இதற்கும் உதவும்.

விற்பனை உறுதியில் கையெழுத்திட முன் ஒரு சித்திரையும் ஒரு கார்த்திகையும் சொந்த வளவிலேயே வானை நிறுத்தி அதற்குள் சீவித்துப் பாருங்கள். வீட்டுச் சாவியை அயலில் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே குசினிக்குள் போய்விடுவீர்கள். 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்தபோது குடாநாட்டில் எங்கே வெள்ளம் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். நிறுத்துமிடத்தை அதை வைத்துத் தெரிவு செய்யுங்கள். சித்திரையில் நித்திரை வருகிறதா, மழையில் கூரை விசிறியின் ஓரம் ஒழுகுகிறதா, மெத்தையின் அடிப்பக்கம் ஈரமாகிறதா என்று பாருங்கள். இரவில் எழும்பும்போது ஒருவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருந்தால், முழங்கால் நோவுள்ளவருக்கு அது நெடுநாள் சரிவராது. கட்டிலைக் குறுக்கே போடாமல் நீளப்பாட்டுக்கு இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்லி, கராஜ் பக்கத்தில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.