சேலத்தின் பழைய வீதிகளையும் கோயில்களையும் காலை, மாலை வெயிலில் படமெடுக்கும்போது செய்யும் தவறுகள்

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குக் கேமராவோடு முதல்முறை போனபோது, காலை வெயிலில் கோபுரம் தகதகக்கும் என்று நம்பி இருட்டோடு கிளம்பிப் போய் நின்றேன். கோபுரத்தின் முகம் முழுக்க நிழல், பின்னால் வானம் மட்டும் வெளேரென்று இருந்தது. சிவன் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்தே இருக்கும், அந்த நினைப்பில் போய்விட்டேன். இது மேற்கு பார்த்த கோயில், முகத்துக்கு மாலை வெயில்தான் வேண்டும்.

கட்டடம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நேரம் குறிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சரி, மாலையில் போனால் போதுமா என்றால் அதுவும் பாதிதான். நேராக முகத்தில் அடிக்கும் வெயில் கல்லுக்கு நல்ல நிறம் கொடுக்கும், ஆனால் செதுக்கலின் ஆழத்தைத் தட்டையாக்கிவிடும். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலியார்கள் கட்டிய அந்தக் கோபுரம், யானைகளும் குதிரைகளும் இழுக்கும் தேர் போன்ற வேலைப்பாடு கொண்டது. அந்த மாதிரிச் சிற்பங்கள் எழுந்து நிற்க வேண்டுமானால் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே தள்ளி மறைவதால் தெற்கு பார்த்த சுவர்களுக்கு அது கிடைக்கும், ஆனி வாக்கில் வடக்குச் சுவர்களுக்கு. ஒரே கோயிலுக்கு ஆண்டில் இரண்டு முறையாவது போகச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது நேரக் கணக்கு. சூரிய உதயம் 6.35 என்று போன் காட்டினால் 6.35க்கு வண்டியை ஸ்டார்ட் செய்பவர்கள் நிறையப் பேர். போன் சொல்லும் நேரம் சமதரைக்கு. நம் ஊரைச் சுற்றி வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை என்று மலைகள்தான். கஞ்சமலையின் கிழக்கு அடிவாரத்தில் நின்றால் போன் சொல்வதற்கு முன்பே மாலை வெயில் போய்விடும். அப்புறம், பொன்வெயில் ஒரு மணி நேரம் இருக்கும் என்று ஐரோப்பாக்காரர்கள் வீடியோவில் சொல்வது நமக்குப் பொருந்தாது. நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக, மணிக்கு 15 டிகிரி வரை ஏறுகிறது. அந்த மஞ்சள் அரை மணி நேரம்கூட நிற்காது, எனவே அரை மணி முன்னாடியே போய் இடத்தைப் பார்த்து வையுங்கள்.

செவ்வாய்பேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் வேறு சிக்கல். வெயில் முதலில் மாடி ஜன்னலைத் தொடும், தரைக்கு வருவதற்குள் நிறம் போய்விடும். கீழே இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டினால் மேலே எல்லாம் வெளுத்துப்போகும், வெளுத்ததைப் பிறகு மீட்கவே முடியாது. பிரகாசமான இடத்துக்கு அளந்து எடுங்கள். போனில் அந்த இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து, வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் போதும். படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் வெயில் குறியில் வையுங்கள், இல்லாவிட்டால் தேடிப் போன மஞ்சளைக் கேமராவே துடைத்துவிடும்.

சூரியன் மறைந்ததும் பையை மூடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அதற்குப் பிந்தைய இருபது நிமிடத்தில்தான் வானத்தின் நீலமும் கடை விளக்கும் ஒரே அளவுக்கு வரும். முதல் அக்ரகாரமும் சின்னக் கடை வீதியும் அப்போதுதான் அழகு. வெளிச்சம் குறைவதால் ஷட்டர் திறந்து மூட நேரமாகும், அதற்குள் கை ஆடும், அதனால் ஏதாவது தூணில் சாய்ந்துகொள்ளுங்கள்.

ஏற்காடு லேடிஸ் சீட்டிலும் இதே தவறுதான். கீழே சேலத்தின் விளக்குகளை எடுக்க நன்றாக இருட்டட்டும் என்று காத்திருக்கிறார்கள், கடைசியில் கறுப்பில் புள்ளிகள்தான் மிஞ்சுகின்றன. மலையின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும்போதே எடுத்துவிடுங்கள். இறங்கும்போது கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வையுங்கள். மேலே குளிர்ந்த லென்ஸ், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரத்தின் வெப்பக் காற்றில் வெளியே வந்தால் பனி படர்ந்துவிடும். துணியால் தேய்க்காமல் கால் மணி நேரம் பைக்குள் விட்டால் தானாகத் தெளிந்துவிடும்.